தம்பிக்கு, அந்தச் சம்பள ஷீட்டைப் பற்றி

அன்புள்ள தம்பி,

பிடித்த தொழில் வரி கணக்கில் இடிக்கிறது என்று நேற்று ராத்திரி நீ அனுப்பிய எக்ஸெல் ஷீட்டைக் காலையில் காபி குடித்த கையோடு திறந்து உட்கார்ந்தேன். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், உனக்கும் ஆபீஸ் நேரம். அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

தப்பு கிடைத்துவிட்டது. தொழில் வரி பிடிக்கிற கட்டத்தில்தான் இருக்கிறது. 'இப்படி இருந்தால் இது, இல்லாவிட்டால் அது' என்று சொல்கிற இஃப், இஃபுக்குள் இஃப் என்று ஐந்து அடுக்கு, கடைசியில் ஐந்து அடைப்புக்குறி. அரையாண்டு வருமானத்தின் படிக்கு ஒரு தொகையாக வாங்குகிற தொழில் வரியைச் சென்னை மாநகராட்சி 2024இல் உயர்த்தியபோது 135 ரூபாய் 180 ஆனது, 315 என்பது 425 ஆனது, 690 என்பது 930 ஆனது. மேலே இருக்கிற 1,025உம் 1,250உம் அப்படியே நின்றன. உனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் 180ஐயும் 425ஐயும் சரியாக மாற்றியிருக்கிறார். 690 மட்டும் உள்ளே பழையபடியே கிடக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு நீளமான ஃபார்முலாவுக்குள் ஒரு எண் ஒளிந்திருந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது.

அந்தப் படியில் 23 பேர் வருகிறார்கள். ஆளுக்கு 240 ரூபாய் குறைவு, மொத்தம் 5,520. நீ மூன்று நாளாகத் தேடிய வித்தியாசம் அதேதான். ஆனால் அந்த 23 பேர் யார் என்று பார்த்தாயா? அரையாண்டு வருமானம் 45,001இலிருந்து 60,000 வரை. மாதத்துக்குப் பத்தாயிரத்தைத் தாண்டாதவர்கள். கூட்டிப் பெருக்குகிறவர்கள், டீ கொண்டுவந்து தருகிறவர்கள், அரைநாள் வேலைக்கு வருகிறவர்கள். விட்டுப்போன 240ஐ ஒரே மாதத்தில் பிடித்தால் அவர்கள் வீட்டில் அது தெரியும். முதலில் அவர்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல், அப்புறம் பிடி.

690ஐ அழித்துவிட்டு 930 போட்டால் இன்றைக்கு வேலை முடிந்துவிடும். அப்படிச் செய்யாதே கண்ணு. ஏன் என்று சொல்கிறேன்.

நீ மூன்றாவதோ நாலாவதோ படிக்கும்போது மில்லில் வருகை ஊக்கத்தொகையைக் கம்ப்யூட்டரில் போடச் சொன்னார்கள். மாதத்தில் எத்தனை நாள் வந்தார்களோ அதற்கேற்ற தொகை. நானும் இஃபுக்குள் இஃப் என்றுதான் எழுதினேன். ஓர் இடத்தில் 'இருபத்து நாலும் அதற்கு மேலும்' என்று இருக்க வேண்டியதை 'இருபத்து நாலுக்கு மேல்' என்று எழுதிவிட்டேன். சரியாக இருபத்து நாலு நாள் வந்தவர்களுக்கு எல்லாம் ஒரு படி கீழே போய்விட்டது. ஸ்பின்னிங்கில் வேலை செய்த ஓர் அக்கா சம்பளச் சீட்டோடு ஜன்னலில் வந்து நின்றார். பஞ்சுத் தூசி இன்னும் தலையில் இருந்தது. "இருபத்து நாலு நாள் வந்திருக்கேன் அம்மிணி, எனக்கு எப்படிக் கணக்குப் போட்டீங்கன்னு காட்டுங்க" என்றார். என்னால் காட்ட முடியவில்லை. ஸ்கிரீனைத் திருப்பி அந்த ஃபார்முலாவையா காட்டுவது? அன்றைக்குக் கூசிப்போனது இன்னும் மறக்கவில்லை.

மறுநாளே ஒரு சின்ன அட்டவணை போட்டேன். இடது பக்கம் நாள், வலது பக்கம் ரூபாய். ஷீட் அதைப் பார்த்துத் தொகையை எடுத்துக்கொண்டது. அதையே அச்செடுத்து ஜன்னலுக்கு வெளியே ஒட்டினேன். அதற்கப்புறம் யார் வந்து கேட்டாலும் அவர்களே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் காலத்து எக்ஸெல் 2003 ஏழு அடுக்குக்கு மேல் இஃப் போட விடாது. 2007இலிருந்து 64 வரை விடுகிறது. எனக்கு அந்தப் பழைய வரம்பே நல்லது என்று படுகிறது.

சரி, இப்போது உன் ஷீட்டுக்கு வருவோம். 'அட்டவணை' என்று தனியாக ஒரு ஷீட் திற. முதல் நெடுவரிசையில் ஒவ்வொரு படியும் எங்கே தொடங்குகிறது என்பது மட்டும், மேலிருந்து கீழாக: 0, 21,001, 30,001, 45,001, 60,001, 75,001. இரண்டாவதில் பழைய வரி, மூன்றாவதில் புதிய வரி: 0, 180, 425, 930, 1,025, 1,250. பழையதை அழிக்க வேண்டாம், யாராவது பழைய அரையாண்டைக் கேட்டால் கையில் இருக்கும்.

உன் ஆபீஸில் இருப்பது எக்ஸெல் 2019 என்றாய். அட்டவணையில் தேடி எடுத்து வருகிற புதிய எக்ஸ்லுக்கப் அதில் கிடையாது, பழைய விலுக்கப்பே போதும். அது நாலு விஷயம் கேட்கும்: எந்த வருமானம், எந்த அட்டவணை, எத்தனையாவது நெடுவரிசை, கடைசியில் ட்ரூவா ஃபால்ஸா. இங்கே மூன்றாவது நெடுவரிசை, ட்ரூ. ட்ரூ என்றால் 52,400 என்ற எண் அட்டவணையில் இல்லாவிட்டாலும் அதைவிடக் குறைந்த எண்களில் பெரியதான 45,001இல் போய் நின்று 930ஐ எடுத்து வரும். அட்டவணையைத் தேர்ந்தெடுத்ததும் எஃப்4ஐத் தட்டிப் பூட்டிவிடு. இல்லாவிட்டால் ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது அட்டவணையும் சேர்ந்து நகரும்.

இதில் நான் பயப்படுகிற விஷயம் ஒன்று உண்டு. அட்டவணை சின்னதிலிருந்து பெரியது என்ற வரிசையில் இல்லையென்றால் ட்ரூ தப்பான விடையைச் சத்தமே இல்லாமல் தரும். அதேபோல, பணியாளர் எண்ணை வைத்துச் சம்பளம் எடுக்கிற இடத்தில், அதே எண் இருந்தால் மட்டும் எடுக்கிற ஃபால்ஸ்தான் போட வேண்டும். காலியாக விட்டால் எக்ஸெல் ட்ரூ என்றே எடுத்துக்கொள்ளும், அந்த எண் பட்டியலில் இல்லையென்றால் பக்கத்து ஆளின் சம்பளத்தைக் கொண்டுவந்து வைத்துவிடும். வருமானத்தில் பைசா இருந்தால் முதலில் முழு ரூபாயாக்கு. 30,000 ரூபாய் 60 பைசா எந்தப் படி என்று பிறகு தகராறு வேண்டாம்.

பழைய ஃபார்முலாவை உடனே அழிக்காதே. பக்கத்திலேயே புதியதைப் போட்டு, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார். 23 பேருக்கு 240, மற்ற எல்லோருக்கும் பூஜ்யம் வர வேண்டும். வேறு எண் எங்கேயாவது தலைகாட்டினால் அங்கே இன்னொரு தப்பு இருக்கிறது.

வருமான வரி ஷீட்டையும் இப்படியே மாற்றிவிடு. 2023, 2024, 2025 என்று மூன்று பட்ஜெட்டிலும் வருமான வரியின் புதிய முறைக்கு உரிய படிகள் மாறின, ஒவ்வொரு தடவையும் உங்கள் ஆட்கள் ஃபார்முலாவைப் பிரித்து மேய்ந்திருக்கிறார்கள். அதற்கு மூன்று நெடுவரிசை வேண்டும்: படி தொடங்கும் தொகை, அதுவரை சேர்ந்த வரி, அதற்கு மேல் சதவீதம். இப்போதைய கணக்கில் 12,00,000க்கு நேரே 60,000உம் 15 சதவீதமும் வரும். வரிக்குரிய வருமானம் 13,50,000 என்றால், 60,000தோடு மீதி ஒன்றரை லட்சத்துக்கு 22,500, ஆக 82,500. வரியின் மேல் வருகிற 4 சதவீத செஸ்ஸைத் தனிக் கட்டத்தில் போடு. பன்னிரண்டு லட்சம் வரை வருகிற தள்ளுபடியையும் தனிக் கட்டத்திலேயே வை, அட்டவணைக்குள் திணிக்காதே.

முடித்ததும் எனக்கு ஒரு தடவை அனுப்பு, பார்த்துவிடுகிறேன். தொழில் வரி அட்டவணையைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்செடுத்து, டீ போடுகிற இடத்துச் சுவரில் ஒட்டு. மேனேஜரிடம் நீயே கேட்டுக்கொள், மறுக்க மாட்டார்.

அப்பாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. பருப்புப் பொடியும் கொள்ளுப் பொடியும் கூரியரில் போட்டிருக்கிறேன். கொள்ளுப் பொடி டப்பாவின் மூடி கொஞ்சம் லூஸ், நிமிர்த்தி வைத்துப் பிரி.

அம்மா