நடந்தே போ பாப்பா

அன்புள்ள பாப்பா,

நீ வாட்ஸ்அப்ல அனுப்புன பிளானைப் பார்த்தேன், அப்பாவும் கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரெண்டு தடவை படிச்சுட்டார். லடாக்ல இருக்கற காங் யாட்சே ரெண்டுங்கற பனிமலை ஏறப்போறேன்னு நீ எழுதியிருந்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்லத் தெரியல, நான் போன எடத்துக்கு என் பொண்ணு போறா. ஆனா அந்த பிளான் எனக்குப் பிடிக்கல. டெல்லில இருந்து ஃப்ளைட்ல லே போய் இறங்கி ஒரே ஒரு நாள் ரெஸ்ட், மறுநாள் ஜீப்ல சோக்தோ, அங்க இருந்து கோங்மாரு லா கணவாயத் தாண்டி நேரா நிமாலிங், அப்புறம் பேஸ் கேம்ப், ராத்திரி சம்மிட், திரும்ப ஜீப். இதுல ஊரே இல்லையேம்மா. மார்க்கா பள்ளத்தாக்கு வரைக்கும் போய்ட்டு மார்க்காவையே பார்க்காம திரும்பி வர்றதா? போன்ல சொன்னா மீட்டிங் இருக்கும்மான்னு வச்சுருவ, அதான் உக்கார்ந்து நீளமா எழுதுறேன், லஞ்ச் டைம்ல பொறுமையா படி.

முதல்ல உடம்பு விஷயம். லே 3500 மீட்டர். டொரான்டோல ஏரிக்கரையில இருக்கறவ நீ, ஃப்ளைட்ல அங்க போய் இறங்குறதே உடம்புக்குப் பெரிய தாவல். அதுக்கு மேல ஒரே நாள்ல 5260 மீட்டர் பக்கம் இருக்கற கணவாய ஏறி அந்தப் பக்கம் 4800ல போய் படுக்கணும்னு ஏஜென்சிக்காரன் போட்டிருக்கான். காத்துல ஆக்சிஜன் எங்க போனாலும் அதே 21 சதவீதம்தான், ஆனா மேல போகப் போக காத்தே மெலிஞ்சுருது, 5500 மீட்டர்ல அழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல பாதிதான், நீ ஏறப்போற உச்சி 6250, அங்க பாதிக்கும் கம்மி. உடம்பு இதுக்குப் பழகும், கண்டிப்பா பழகும், ஆனா அதுக்கு நாள் வேணும். முதல்ல மூச்சு வேகமாகும், அப்புறம் கிட்னி வேலை பார்க்கும் (அடிக்கடி யூரின் போனா பயப்படாத, அது நல்லதுதான்), ரத்தத்துல சிவப்பணு கூடுறதுக்கு வாரக்கணக்காகும். 3000 மீட்டருக்கு மேல போய்ட்டா படுக்கற எடம் நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏறக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒருக்கா அதே உயரத்துல ஒரு நாள் தங்கணும்னு டாக்டருங்க சொல்றாங்க. இப்ப மார்க்கா வழிய எடுத்துக்கோ. ஸ்கியு 3400, மார்க்கா ஊர் 3700க்கு மேல, ஹங்கர் 4000 பக்கம், தாச்சுங்சே 4200 சொச்சம், அப்புறம்தான் நிமாலிங். உடம்புக்குன்னே யாரோ படி வெட்டி வச்ச வழி அது.

எங்க குரூப்ல ஒரு பையன் இருந்தான், மாரத்தான் ஓடுறவன், எங்க எல்லாரையும் விட பலசாலி. லீவு இல்லைன்னு லேக்குக் கடைசியா வந்து சேர்ந்து, ரெஸ்ட்டே எடுக்காம எங்க கூட நடக்க ஆரம்பிச்சுட்டான். நிமாலிங்ல சாயங்காலம் ஷூ லேஸைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்கார்ந்திருக்கான், கட்டத் தெரியல. என்னப்பான்னா சிரிக்கிறான், வார்த்தை குழறுது. கைடு தரையில குச்சியால ஒரு கோடு கிழிச்சு, குதிகாலுக்கு முன்னாடி குதிகால வச்சு இதுமேல நடன்னார். மூணாவது எட்டுலயே சாஞ்சுட்டான். மூளையில நீர் கோத்துக்கிட்டா அப்படித்தான் ஆகுமாம். கைடு ஒரு நிமிஷம் யோசிக்கல, மருந்தக் குடுத்து, குதிரையில ஏத்தி, ரெண்டு பேர் தலையில டார்ச் கட்டிக்கிட்டு ராத்திரியே ஹங்கருக்கு இறக்கிக் கொண்டு போய்ட்டாங்க. காலையில டீ குடிச்சான்னு தகவல் வந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்துச்சு. இறங்குறதுதான் அதுக்கு மருந்து, மத்ததெல்லாம் இறங்குறவரைக்கும் தாங்குறதுக்கு. தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், படுத்தா மூச்சு முட்டுறது, எதுவா இருந்தாலும் வாயத் திறந்து சொல்லணும், கூட வர்றவங்க பிளான் கெட்டுருமேன்னு மறைக்கக்கூடாது. உயரத்துக்கு உடம்பு பழகக் குடுக்கற டயமாக்ஸ் மாத்திரை போடலாமான்னு டாக்டர்கிட்ட கேக்கறப்போ, சின்ன வயசுல உனக்கு சல்பா மாத்திரை சேராம உடம்பெல்லாம் தடிச்சதை மறக்காம சொல்லிரு, ரெண்டும் சொந்தக்கார மருந்து.

சரி, பயமுறுத்துறதுக்காக எழுதல. உடம்புக்காக மட்டும்னா லேலயே இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போன்னு சொல்லிருப்பேன். எனக்கு முக்கியம் ஊருங்கதான்.

இத்தனை வருஷம் ஜாக்ரஃபி எடுத்தவ நான், மழை மறைவுப் பகுதின்னு போர்டுல படம் போட்டு அம்புக்குறி போட்டு காமிச்சிருக்கேன். அங்க போய் நின்னப்போதான் அது புரிஞ்சுச்சு. லேல வருஷத்துக்கே சுமார் 100 மில்லிமீட்டர்தான் மழை. மலை பூரா மொட்டை, செம்மண் கலரு, ஊதா, பச்சைப் பாறை, ஒரு புல்லு கிடையாது. அதுக்கு நடுவுல ஆத்தோரமா திடீர்னு நாலு பாப்ளார் மரம், வில்லோ மரம், பார்லி வயல், வெள்ளையடிச்ச வீடு. அந்தப் பச்சை எங்க முடியுதுன்னு பாரு பாப்பா, கத்தி வச்சு வெட்டுன மாதிரி வாய்க்காலோட முடிஞ்சுரும், வாய்க்காலுக்கு ஒரு அடி மேல வெறும் கல்லு. அந்தத் தண்ணி பூரா மேல இருக்கற பனி. யாரு வயலுக்கு எப்போ எவ்வளவு நேரம்னு முறை வச்சுத் திறந்துவிட ஊர்ல ஒரு ஆளு, சுர்போன்னு பேரு. எனக்கு உடனே எங்க அப்பா ஊர் கண்மாயில மடை திறந்துவிட்ட நீர்க்கட்டி ஞாபகம் வந்துட்டார், அதே மம்பட்டி, அதே அதிகாரம், அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. பள்ளிக்கூடமே ஒழுங்கா போகாத மனுஷங்க, வருஷத்துல நாலஞ்சு மாசம்தான் மண்ணு இளகும், அதுக்குள்ள விதைச்சு அறுத்து எட்டு மாசத்துக்கு சேத்து வைக்கணும், தலைமுறை தலைமுறையா செஞ்சுட்டு வந்திருக்காங்க.

மார்க்கா ஊர்ல ஒரு வீட்ல தங்குனோம். திபெத்திய பௌத்தக் குடும்பம், பேச்சு லடாக்கி, திபெத்திய மொழியோட உறவு. அடுப்பங்கரைதான் அவங்களுக்கு ஹால். நடுவுல இரும்பு அடுப்பு, எரிக்கிறது சாண வறட்டி, செவுரு முழுக்கத் தட்டு போட்டு பித்தளை செம்புப் பாத்திரம் அடுக்கி வச்சிருப்பாங்க, அவ்வளவு புகையிலயும் ஒண்ணு விடாம மின்னும். பாட்டிய அபி-லேன்னு கூப்பிடணும். அந்த அபி-லே கோதுமை மாவைக் கயிறா திரிச்சு, துண்டு துண்டா கிள்ளி, ஒவ்வொண்ணையும் உள்ளங்கையில வச்சு கட்டைவிரலால ஒரு அமுக்கு, நடுவுல குழி விழும், அப்படியே கொதிக்கிற காய்கறிக் குழம்புல போட்டுருவாங்க. அதுதான் ஸ்கியு, ஊர் பேரும் சாப்பாட்டுப் பேரும் ஒண்ணு. அவங்க கட்டைவிரல் நகம் ஒரு பக்கமா தேஞ்சே போயிருந்துச்சு. நானும் பக்கத்துல உக்கார்ந்து செஞ்சேன், என்னோடதுல குழி சரியா விழல, எடுத்துத் திருப்பி அமுக்கி போட்டாங்க, ஒரு வார்த்தை பேசல ரெண்டு பேரும். பெரிய தட்டுல எங்களுக்கு, சின்னக் கிண்ணத்துல அவங்களுக்கு. வெண்ணெய் டீ ஒரு மடக்கு குடிச்சு கீழ வச்சா உடனே ரொப்பிருவாங்க, உப்பு டீதான், சூப்புன்னு நெனச்சுக் குடி, அந்தக் குளிருக்கு அதைவிட நல்லது ஒண்ணும் இல்ல.

இந்த ஹோம்ஸ்டே வந்த கதைய நீ தெரிஞ்சுக்கணும். அது ஹெமிஸ் நேஷனல் பார்க், பனிச்சிறுத்தை இருக்கற காடு. காடுன்னா மரம் இல்ல, பாறைதான். சிறுத்தை ராத்திரி பட்டிக்குள்ள குதிச்சா ஒரு ஆட்டோட நிக்காது, ஆடுங்க மிரண்டு ஓட ஓட அடிச்சுப் போட்டுரும், ஒரு குடும்பத்தோட மொத்த சொத்தும் ஒரே ராத்திரில போயிரும். கோவத்துல சிறுத்தையக் கொல்லத்தான் செய்வாங்க. அப்போ பனிச்சிறுத்தையக் காப்பாத்துற ஸ்னோ லெப்பர்ட் கன்சர்வன்சி அமைப்பு ஆளுங்க ஊர்க்காரங்களோட உக்கார்ந்து பேசி, 2000க்கு அப்புறம் ரும்பாக் ஊர் பக்கம் வீடுகள்ல ஆள் தங்க வைக்கிற ஏற்பாட்டை ஆரம்பிச்சாங்க, பட்டிக்கு மேல கம்பிவலை போட்டுக் குடுத்தாங்க. வர்ற ஆளுங்க ஒரே வீட்டுக்குப் போகாம முறை வச்சு எல்லா வீட்டுக்கும் போவாங்க. பணம் பெரும்பாலும் வீட்டுப் பொம்பளைங்க கைக்கு வருது. நீ ஜீப்ல தாண்டிப் போனா அந்தப் பணம் லேல இருக்கற ஏஜென்சியோட நின்னுரும். இப்போ பள்ளத்தாக்குக்குள்ளயும் ரோடு போயிருச்சுன்னு சொல்றாங்க, நாங்க போனப்போ சில்லிங் பக்கத்தோட முடிஞ்சுரும். ரோடு வந்தது நல்லதுதான், பிரசவ வலி வந்த பொண்ணைக் குதிரையில கொண்டு போன ஊரு அது, நமக்கு அழகா இருக்கணும்னு அவங்க கஷ்டப்பட வேண்டியதில்ல. நீ மட்டும் அந்த ரோட்டு மேலயே நடந்து போ.

உன் ஃப்ரெண்ட்ஸ் முதல்ல ஸ்டோக் காங்ரிதான் கேட்டாங்கன்னு சொன்னியே, அது ஏன் மூடுனாங்கன்னு தெரியுமா? 6153 மீட்டர், லேக்குப் பக்கத்துலயே, அதனால எல்லாரும் அங்கதான் ஓடுனாங்க. பேஸ் கேம்ப்ல குப்பையும் அசிங்கமும் சேர்ந்துச்சு. அதே ஓடைத் தண்ணியத்தான் கீழ ஸ்டோக் ஊர் குடிக்குது, வயலுக்குப் பாய்ச்சுது. ஊர்க்காரங்களே கூடிப் பேசி 2020ல மூடிட்டாங்க. ஏறுறவங்களால வர்ற வருமானம் போனாலும் பரவால்ல, தண்ணிதான் முக்கியம்னு முடிவெடுத்தாங்க, அந்த முடிவு மேல எனக்கு ரொம்ப மரியாதை. அங்க ஏற முடியாதவங்க எல்லாம் இப்போ காங் யாட்சேக்கு வர்றாங்க, நீயும் அப்படித்தான் வர்ற. காங் யாட்சே பனி உருகி நிமாலிங் இறங்கி, ஹங்கர், மார்க்கா, ஸ்கியு எல்லாத்தையும் நனைச்சுட்டு சன்ஸ்கார் ஆத்துல சேர்ந்து, நிம்மு கிட்ட சிந்துவுல கலக்குது. நான் சொல்ற வழில போனா தண்ணி இறங்கி வர்ற வழியிலேயே நீ ஏறிப் போற. அபி-லே எந்தத் தண்ணியில மாவு பிசைஞ்சாங்களோ அதோட மூலத்துல போய் நிக்கிற. அப்போ அங்க ஒரு டிஷ்யூ பேப்பர் போட உனக்குக் கை வராது. ஹங்கர் வீட்டைத் தாண்டாம நேரா பேஸ் கேம்ப்ல போய் இறங்குறவனுக்கு அது வெறும் பனிதானே பாப்பா, அவனைக் குத்தம் சொல்லி என்ன செய்ய.

ஏறுறதைப் பத்தியும் சொல்றேன். உம்லுங் ஊரைத் தாண்டுறப்போதான் காங் யாட்சே முதல்ல கண்ணுல படும், பள்ளத்தாக்கு முடிவுல வெள்ளையா. நிமாலிங் பெரிய புல்வெளி, கோடையில ஊர்க்காரங்க ஆடு மாடு யாக் எல்லாம் ஓட்டிட்டு வந்து தங்கியிருப்பாங்க, மர்மோட்டுன்னு பெரிய அணில் ஜாதிப் பிராணிங்க பொந்துக்கு வெளிய நின்னு விசில் அடிக்கும். அங்க ஒரு நாள் கூடுதலா தங்கு, கட்டாயம். பேஸ் கேம்ப்ல இருந்து நடுராத்திரி பக்கம் கிளம்புவாங்க, வெயில் ஏறுனா பனி இளகிரும். முதல்ல சரளைக்கல்லு, ஒரு எட்டு வச்சா அரை எட்டு சறுக்கும், அப்புறம் பனி. அங்க பூட்ஸுக்கு அடியில கிராம்பான்னு இரும்பு முள்ளு மாட்டி, கயிறு கட்டி, வரிசையா. சரிவு சரிவா போய்க்கிட்டே இருக்கும், இதான் உச்சின்னு நெனப்ப, அது இல்ல. முன்னாடி போறவர் பூட்ஸ் வச்ச குழிலயே உன் காலையும் வை, பத்து எட்டுக்கு ஒரு தடவை நின்னு மூச்சு விடு, வேகம் வேண்டவே வேண்டாம். நான் மெதுவா போயே ஏறுனேன், விடிஞ்சு வெயில் வந்த பிறகு. வடக்க காரகோரம், தெக்க சன்ஸ்கார் மலைங்க, பக்கத்துல கத்தி மாதிரி ஒரு முகடு காங் யாட்சே ஒண்ணுங்கற பக்கத்து உச்சிக்குப் போகுது. எல்லாரும் போட்டோ எடுத்தாங்க, நான் கீழ நிமாலிங் ஓடைய தேடிக்கிட்டு இருந்தேன், நூல் மாதிரி தெரிஞ்சுச்சு. கைடு இறங்குன்னு சொன்னா, உச்சி கண்ணுக்கு முன்னாடி இருந்தாலும், இறங்கிரு. அதுல பேச்சே கிடையாது.

சில்லறை விஷயம் கொஞ்சம். ஊர் வாசல்ல மந்திரம் செதுக்குன கல்லு அடுக்கிய சுவர் இருக்கும், அதை வலது கைப்பக்கம் வச்சு நட. கக்கூஸ்ல தண்ணி ஊத்தாத, பக்கத்துல இருக்கற மண்ணை அள்ளிப் போடு, அடுத்த வருஷம் அதுதான் வயலுக்கு உரம். படம் எடுக்கறதுக்கு முன்னாடி கேளு. வெளியூர் ப்ரீபெய்ட் சிம் லடாக்ல எடுக்காது, போஸ்ட்பெய்ட் வாங்கு, ஆனா பள்ளத்தாக்குக்குள்ள பெரும்பாலும் அதுவும் எடுக்காது, நாங்க பதறாம இருந்துக்குவோம். பூட்ஸ், கிராம்பான் லேலயே வாடகைக்குக் கிடைக்கும், ஆனா பூட்ஸ போட்டு அரை மணி நேரம் நடந்து பார்த்துட்டு எடு. அந்த வீட்டுக்கு ஏதாச்சும் கொண்டு போகணும்னா சாக்லேட் வேண்டாம், நல்ல ரீடிங் கிளாஸ் ரெண்டு மூணு பவர்ல வாங்கிட்டுப் போ, வயசானவங்க ஊசில நூல் கோக்க கஷ்டப்படுறதைப் பார்த்தேன்.

மேனேஜர்கிட்ட இன்னும் ஒரு வாரம் லீவு கேளு. கிடைக்கலைன்னா சம்மிட்ட எடுத்துட்டு ஊருங்கள மட்டும் நடந்துட்டு வா, ஊருங்கள எடுத்துட்டு சம்மிட் மட்டும் போகாத. ஏஜென்சிக்கு இன்னும் அட்வான்ஸ் கட்டலைன்னு சொன்னேல்ல, கட்டாத. புது பிளான் போட்டு ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்பு, அப்பாவும் நானும் சேர்ந்து பார்க்குறோம்.

அம்மா