அந்த மேடைக்கு நடந்து போனதற்காக

அன்புள்ள கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன்,

நீங்கள் மறைந்த செப்டம்பர் 28 மறுபடி வருகிறது. அமெரிக்கப் பாடகர், நடிகர் என்று 2024-இல் உங்களுக்கு வந்த இரங்கல் கட்டுரைகள் எல்லாம் ஒரே வரிசையில் போயின: ஆக்ஸ்ஃபோர்டு, ராணுவ ஹெலிகாப்டர், நாஷ்வில் ஸ்டூடியோவில் தரை பெருக்கியது, பாடகர் ஜானி கேஷ், ஹாலிவுட். உங்கள் கதையை உங்களுக்கே சொல்வானேன். எனக்கு 1992 அக்டோபர் 16 இரவைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பாடகர் பாப் டிலனின் முப்பதாண்டு இசைப் பயணத்துக்கு விழா. ஷினேட் ஓ'கானரை மேடைக்கு அழைத்தது நீங்கள்தான். அயர்லாந்துப் பாடகி, இருபத்தைந்து வயதுப் பெண். இரண்டு வாரத்துக்கு முன்புதான் தொலைக்காட்சி நேரலையில் போப்பாண்டவர் படத்தைக் கிழித்திருந்தார். (பூசைக்குத் தவறாத என் வீட்டுப் பெரியவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் படத்தைப் பற்றி இங்கே அதிகம் பேசவில்லை. திருச்சபைக்குள் குழந்தைகளுக்கு நடந்த கொடுமைக்காகக் கிழித்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

கூட்டம் ஊளையிட்டது. கைதட்டலும் இருந்தது, ஆனால் ஊளை அடங்கவேயில்லை. அவர் அசையாமல் நின்றார். உள்ளே கூட்டிவரச் சொல்லி உங்களை அனுப்பினார்கள். நீங்கள் போய் அணைத்துக்கொண்டு, இந்தப் பயல்களுக்கெல்லாம் அசந்துவிடாதே என்று காதில் சொன்னீர்கள். கூட்டி வரவில்லை. ஒத்திகை பார்த்த பாட்டை விட்டுவிட்டு, பாப் மார்லியின் பாட்டைத் தனிக்குரலில் கத்திப் பாடிவிட்டு வந்தவர் உங்கள் மேல் சாய்ந்து அழுதார். அன்றைக்கு அங்கே எத்தனை ஜாம்பவான்கள்! நடந்து போனது நீங்கள் ஒருவர்.

அப்படிப்பட்டவர் ஏன் பதினேழு வருடம் காத்திருந்தீர்கள்? அவருக்காக நீங்கள் எழுதிய பாட்டு 2009-இல்தான் இசைத்தட்டில் வந்தது. அதற்குள் அந்தக் கொடுமைகளைப் பற்றிய அயர்லாந்தின் விசாரணை அறிக்கையே வந்துவிட்டது. இடையில் எத்தனை உப்புச்சப்பில்லாத படங்களில் நடித்தீர்கள்! அந்த நாட்களைப் பாட்டுக்குக் கொடுத்திருக்கலாமே.

மன்னியுங்கள். இறந்தவரிடம் கணக்குக் கேட்பது முறையில்லை. உங்கள் பக்கமும் தெரியாமலில்லை. 1980-இல் நீங்கள் நடித்த 'ஹெவன்ஸ் கேட்' படம் சுமார் 4.4 கோடி டாலரை விழுங்கிப் படுத்துக்கொண்டது, பெரிய வேடங்கள் குறைந்தன. மத்திய அமெரிக்காவில் உங்கள் அரசு செய்ததைக் கண்டித்துப் பாடிய ஆல்பங்கள் விலைபோகவில்லை. சேசர் சாவேஸ் தலைமையில் போராடிய பண்ணைத் தொழிலாளர்களுக்கு நிதி திரட்ட மேடை ஏறினீர்கள், அதில் வயிறு நிறையாது. எட்டுப் பிள்ளைகள் வேறு. கிடைத்த படத்தில் நடித்தீர்கள், அதில் என்ன தப்பு?

ஆனாலும் அந்தப் பாட்டு முன்னமே வந்திருக்க வேண்டும் கிரிஸ். ஊரே ஏசிக்கொண்டிருந்தபோது அவர் அதைக் கேட்டிருக்க வேண்டும். 2023 ஜூலையில் அவரும் போய்விட்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு அந்தக் காணொளியைப் போட்டுக் காட்டப் போகிறேன். பெரியவர்கள் பூசை முடிந்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதேதான். பேச்சு வந்தால் வரட்டும், பேசிக்கொள்கிறேன்.