மின் மேலாண்மைச் சில்லின் ரெகுலேட்டர்களை டிவைஸ் ட்ரீயில் விவரிப்பது குறித்து

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் கணினிப் பலகையைத் தங்கள் கருவிகளில் பொருத்திப் பயன்படுத்துவோரிடமிருந்து அண்மையில் ஒரே சாயலில் சில புகார்கள் வந்தன. லினக்ஸ் ஒழுங்காகத் தொடங்குகிறது, திரையும் ஒளிர்கிறது, அரை நிமிடம் கழிந்ததும் திரை அணைந்துவிடுகிறது என்பதே அவற்றின் சாரம். பழுது என்று திரும்பி வந்த பலகைகளைச் சோதித்துப் பார்த்ததில் எதிலும் பழுதில்லை. குறை, ரெகுலேட்டர்களை (ஒவ்வொரு பாகத்துக்கும் உரிய மின்னழுத்தத்தைக் கொடுக்கும் சுற்றுகளை) விவரிக்கும் டிவைஸ் ட்ரீ பகுதியில், அதாவது பலகையில் என்னென்ன வன்பொருள் எப்படி இணைந்துள்ளது என்பதை லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பில், இருந்தது. அதில் பாதிப் பொறுப்பு எங்களுடையது, ஏனெனில் நாங்கள் கொடுத்திருந்த மாதிரிக் கோப்பு அந்தப் பகுதியைச் சரியாக விளக்கவில்லை.

நடந்தது இதுதான். திரைக்கு மின்சாரம் கொடுக்கும் ரெகுலேட்டரை, லினக்ஸை ஏற்றும் தொடக்க நிரலான பூட்லோடர் இயக்கிவிடுகிறது. ஆனால் திரைக்கான பகுதியில், அது எந்த ரெகுலேட்டரிலிருந்து மின்சாரம் பெறுகிறது என்று எழுதப்படாததால், லினக்ஸின் மைய நிரலான கெர்னல் அதற்கு ஒரு டம்மி (பெயரளவிலான) ரெகுலேட்டரைக் கொடுத்துவிட்டு, அதைத் தொடக்கப் பதிவில் ஒரு வரியாகக் குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. உண்மையான ரெகுலேட்டருக்கோ கெர்னலின் கணக்கில் பயனாளர் எவருமில்லை. அப்படிப்பட்டவற்றை, டிரைவர்கள் (வன்பொருள்களை இயக்கும் நிரல்கள்) ஏறுவதற்கென 30 வினாடி காத்திருந்துவிட்டு, இன்றைய கெர்னல்கள் அணைத்துவிடுகின்றன. பூட்-ஆன் என்ற குறிப்பு இதைத் தடுக்காது. தொடக்கத்தில் அது இயங்கிக்கொண்டிருந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஆல்வேஸ்-ஆன் என்று எழுதினால் அணையாதுதான், ஆனால் எல்லா ரெகுலேட்டருக்கும் அதையே எழுதிவிடுவது நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் மறைப்பது போன்றது. செயலியின் மையம், நினைவகம் போன்று ஒரு கணமும் நிற்கக்கூடாதவற்றுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்குப் பயனாளர் யார் என்பதை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்ததை நாங்கள் இன்னும் முக்கியமாகக் கருதுகிறோம். குறைந்தபட்ச, அதிகபட்ச மின்னழுத்தம் என்று இரண்டு எண்களை ஒவ்வொரு ரெகுலேட்டருக்கும் எழுதுகிறோம் அல்லவா? அவை சில்லால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதைச் சொல்வதற்கானவை அல்ல. அந்த விவரம் டிரைவரிலேயே இருக்கிறது. உங்கள் பலகையில் அந்த ரெகுலேட்டர் மின்சாரம் கொடுக்கும் தடத்தில் இணைந்துள்ள பாகங்கள் எவ்வளவு தாங்கும் என்பதே அங்கே எழுதப்பட வேண்டியது. எங்கள் பழைய மாதிரியில் ஒரு எல்டிஓவுக்கு (உபரி மின்னழுத்தத்தை வெப்பமாக்கிக் குறைக்கும் ரெகுலேட்டர்) டேட்டாஷீட்டில் இருந்த 0.8 முதல் 3.3 வோல்ட் வரையிலான வீச்சை அப்படியே எழுதியிருந்தோம். அந்தத் தடத்தில் 1.8 வோல்ட் மட்டுமே தாங்கும் ஓர் உணரியை ஒருவர் இணைத்தால், ஏதோ ஒரு டிரைவர் 3.3 வோல்ட் கேட்கும் நாளில் கெர்னல் மறுக்காது, ஏனெனில் அனுமதித்தவர்கள் நாமே. அத்தகைய தடத்துக்கு இரண்டு எண்களும் 1800000 என்றே இருக்க வேண்டும். அலகு மைக்ரோவோல்ட் என்பதால் பூச்சியங்களை எண்ணி எழுதுங்கள். அதிகபட்சத்தில் ஒரு பூச்சியம் கூடினால் கெர்னல் முணுமுணுக்கக்கூட மாட்டாது. வீச்சு உண்மையிலேயே தேவைப்படும் இடங்களும் உண்டு. வேகமான எஸ்டி அட்டைகளின் சமிக்ஞைத் தடம் 3.3 வோல்ட்டில் தொடங்கி 1.8 வோல்ட்டுக்கு இறங்குவதால், அங்கே இரண்டு எல்லைகளையும் எழுதியாக வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. பக் ரெகுலேட்டர்கள் (விரைவாக இயக்கி அணைக்கும் முறையில் மின்னழுத்தத்தைக் குறைப்பவை) மின்னழுத்தத்தைப் படிப்படியாகவே மாற்றும். 0.8 வோல்ட்டில் தொடங்கி 25 மில்லிவோல்ட் படிகளில் ஏறும் ஒன்றிடம் சரியாக 1.11 வோல்ட் வேண்டும் என்று எழுதினால், அதனால் 1.1 கொடுக்க முடியும், 1.125 கொடுக்க முடியும், கேட்டதைக் கொடுக்க முடியாது. கெர்னல் அந்தக் கட்டுப்பாட்டை ஏற்காது, ரெகுலேட்டர் பதிவாகாது, அதை நம்பியிருக்கும் டிரைவர்களும் எழாது. படி அட்டவணையைப் பார்த்துவிட்டு எண்ணை எழுதினால் இந்தத் தலைவலி வராது.

மின்னழுத்தம் ஏறும் வேகத்தையும் ஊகித்து எழுத வேண்டாம். மைய மின்னழுத்தம் 0.9 வோல்ட்டிலிருந்து 1.1 வோல்ட்டுக்கு, மைக்ரோவினாடிக்கு 5000 மைக்ரோவோல்ட் வீதம் ஏறினால் 40 மைக்ரோவினாடி ஆகும். கோப்பில் 10000 என்று இருந்தால் கெர்னல் 20 மைக்ரோவினாடிதான் பொறுக்கும். மின்னழுத்தம் பாதி வழியில் இருக்கும்போதே செயலியின் வேகம் கூட்டப்படும். பளு ஏறும்போது மட்டும் எப்போதாவது உறைந்துபோகும் பலகைகளில் நாங்கள் முதலில் பார்க்கும் இடம் இதுதான்.

ஓர் எல்டிஓ எந்த பக்கிலிருந்து உள்ளீடு பெறுகிறது என்பதையும் எழுதுங்கள், இல்லையேல் அந்த பக்கும் பயனாளர் இல்லாததாகக் கருதப்பட்டு அணைக்கப்படலாம். உள்ளீட்டை மாற்றி அமைப்போர் வெப்பத்தையும் கணக்கிட வேண்டும்: 5 வோல்ட்டிலிருந்து 1.8 வோல்ட்டுக்கு 300 மில்லி ஆம்பியர் இழுத்தால், எல்டிஓவில் மட்டும் 0.96 வாட் வெப்பமாகும், உள்ளீடு 3.3 வோல்ட் என்றால் 0.45 வாட்தான்.

திருத்திய மாதிரிக் கோப்பில் ஒவ்வொரு ரெகுலேட்டருக்கும் சுற்றுப்படத்தில் உள்ள தடத்தின் பெயரையே சூட்டியிருக்கிறோம். பலகை இயங்கும்போது டீபக்எஃப்எஸ் (கெர்னலின் உள்நிலையைக் காட்டும் கோப்பு அமைப்பு) வழியே ரெகுலேட்டர் சுருக்கப் பட்டியலைத் திறந்தால், எது எதிலிருந்து மின்சாரம் பெறுகிறது, எத்தனை பயனாளர்கள், இப்போதைய மின்னழுத்தம் என்ன என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும். இனி மின்வழங்கல் தொடர்பாக எங்களுக்கு எழுதும்போது, அந்தப் பட்டியலையும் தொடக்கப் பதிவையும் சேர்த்து அனுப்பினால், பலகையை அனுப்பச் சொல்லாமலேயே பெரும்பாலும் எங்களால் பதிலளிக்க முடியும்.

இப்படிக்கு,
தொழில்நுட்ப உதவிப் பிரிவு