பெயர் கேட்க மறந்த அந்த பைக் அண்ணனுக்கு

அண்ணா, போன மாதம் இருட்டுகிற நேரத்தில், புல் அறுத்துக்கொண்டிருந்த அப்பாவின் கையில் பாம்பு கடித்ததே, நினைவிருக்கிறதா? பதறிப்போய் நான் துண்டால் இறுக்கிக் கட்டப் போனேன். பைக்கை நிறுத்திவிட்டு ஓடிவந்து தடுத்தீர்கள்.

"கட்டாதே தம்பி, ரத்த ஓட்டம் நின்றால் கையே போய்விடும். கீறவும் வேண்டாம், வாயால் உறிஞ்சவும் வேண்டாம்."

பாம்பைத் தேடித் தடியோடு கிளம்பிய சித்தப்பாவுக்கும் ஒரு அதட்டல். (அவர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.) வீக்கம் ஏறுமுன் மோதிரத்தையும் வாட்சையும் கழற்றினீர்கள். கையை அசையாமல் ஒரு குச்சியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டினீர்கள். அப்பாவை நடக்கவே விடாமல் பைக்கில் நமக்கு நடுவே உட்காரவைத்து மருத்துவமனைக்கு விரட்டினீர்கள்.

அங்கே கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்தார்கள். உறையவே இல்லை, விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது என்று அர்த்தமாம். உடனே விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். அந்த 20 நிமிடம் மாதிரி நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை.

பாம்புக்கடியால் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. 2017-இல் அதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலிலும் சேர்த்தது. இதெல்லாம் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது துண்டு மட்டும்தான்.

அப்பா நன்றாக இருக்கிறார். திரும்பிப் பார்ப்பதற்குள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். ரொம்ப நன்றி அண்ணா. உங்கள் டார்ச் லைட் எங்களிடம்தான் இருக்கிறது.