பதிவை நீக்க 3 மணி நேரம், கணக்கை மீட்க 30 நாளா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அரசியல்வாதியின் கணக்கைச் சமூக ஊடக நிறுவனம் முடக்கலாமா என்ற விவாதம் பெரும்பாலும் கருத்துச் சுதந்திரத்தில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. முடக்கலாம் என்பதே என் கருத்து. கோளாறு கால அளவில் இருக்கிறது. எத்தனை நாளுக்கு முடக்கம், எத்தனை நாளில் மேல்முறையீடு என்பதை யாரும் கேட்பதில்லை.

2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டபோது டிரம்பின் கணக்கை ட்விட்டர் 12 மணி நேரமும் பேஸ்புக் 24 மணி நேரமும் பூட்டின. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. வன்முறை நடக்கும்போது நோட்டீஸ் அனுப்பி விளக்கத்துக்குக் காத்திருக்க முடியாது. தடுமாற்றம் அடுத்த இரண்டு நாளில் வந்தது. பேஸ்புக் 'காலவரையற்ற முடக்கம்' என்றது, ட்விட்டர் 'நிரந்தரம்' என்றது. முடக்கியது சரி, ஆனால் காலவரையற்ற முடக்கம் என்றொரு தண்டனை உங்கள் விதிகளிலேயே இல்லையே என்று பேஸ்புக்கின் மேற்பார்வை வாரியம் மே 5இல் சுட்டிக்காட்டியது. முடக்கம் இரண்டு ஆண்டு என்று பேஸ்புக் கணக்குச் சொன்னது அதன் பிறகே. ட்விட்டரின் 'நிரந்தரமோ' 2022 நவம்பர் வரைதான் நீடித்தது. நிறுவனம் கைமாறியது, புதிய உரிமையாளர் தளத்திலேயே ஒரு வாக்கெடுப்பு நடத்தினார், 51.8 சதவீதம் பேர் ஆம் என்றார்கள், கணக்கு திரும்பிவிட்டது. இதை மேல்முறையீடு என்று எந்த ஊரிலும் சொல்ல மாட்டார்கள்.

நம் நாட்டில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, முடக்கியது யார் என்பதை. இந்தியாவில் மட்டும் கணக்கு தெரியாமல், வெளிநாட்டிலிருந்து பார்த்தால் தெரிகிறது என்றால், அது பெரும்பாலும் அரசு அமைப்பு ஒன்றின் உத்தரவு. 2023 மே இறுதியில் சீமானின் ட்விட்டர் கணக்குக்கு நடந்தது இந்த வகை. 'சட்டரீதியான கோரிக்கையின் பேரில்' என்று மட்டும் இருந்தது, கேட்டது யார் என்பது அறிவிப்பில் இல்லை. உலகம் முழுக்கவே கணக்கு இல்லை என்றால், அது பெரும்பாலும் நிறுவனம் தன் விதிப்படி எடுத்த முடிவு. 2020 செப்டம்பரில் தெலங்கானா பா.ஜ.க. எம்.எல்.ஏ. ராஜா சிங்கைப் பேஸ்புக் நீக்கியது இந்த வகை. அதுவும் ஓர் அமெரிக்க நாளிதழ் விஷயத்தை வெளியே கொண்டுவந்த பிறகு.

நிறுவனம் தானாக எடுக்கும் நடவடிக்கைக்கு 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் 4(8) என்ற பிரிவு இருக்கிறது. 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள தளம், நீக்கும் முன் காரணம் சொல்ல வேண்டும், மறுப்புத் தெரிவிக்க வாய்ப்புத் தர வேண்டும். மறுப்பை எப்போது முடிக்க வேண்டும்? 'நியாயமான காலத்துக்குள்' என்பதோடு விதி நின்றுவிடுகிறது. அதற்கு மேல், 2023இல் மத்திய அரசு அமைத்த குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். அது 30 நாளில் முடிக்க 'முயல' வேண்டும்.

இப்போது தேர்தல் நாள்காட்டியைப் பக்கத்தில் வையுங்கள். மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச இடைவெளி 14 நாள். கடைசி 48 மணி நேரம் பிரசாரம் கிடையாது. மிஞ்சுவது 12 நாள். 2021 ஆகஸ்டில், பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானதாகக் கூறப்பட்ட ஒரு சிறுமியின் பெற்றோர் படத்தைப் பகிர்ந்ததற்காக ராகுல் காந்தியின் ட்விட்டர் கணக்கு சுமார் ஒரு வாரம் பூட்டப்பட்டிருந்தது. அந்தப் படத்தை நீக்கியதில் தவறில்லை, சட்டமே அதைத் தடுக்கிறது. அதற்காக முழுக் கணக்கையும் ஒரு வாரம் பூட்டியதை அந்த 12 நாளுக்குள் பொருத்திப் பாருங்கள். எதிர்க்கட்சியின் ஐ.டி. அணி கும்பலாகப் புகார் தட்டி ஒரு சுயேச்சை வேட்பாளரின் பக்கம் தவறாக முடங்கினால், அவருக்குத் தீர்ப்பு வருவதற்குள் வாக்கு எண்ணிக்கையே முடிந்திருக்கும்.

இத்தனைக்கும் எதிர்த்திசையில் வேகம் இருக்கிறது. 2019 தேர்தலுக்கு முன் நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட தன்னார்வ நெறிமுறைப்படி, அந்த 48 மணி நேர அமைதிக்கால மீறலைத் தேர்தல் ஆணையம் சுட்டிக்காட்டினால் 3 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும். நீக்குவதற்குக் கடிகாரம் உண்டு, மீட்பதற்கு இல்லை.

இதைச் சரிசெய்யப் புதுச் சட்டம்கூட வேண்டாம். வேட்பாளர்கள் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை ஏற்கெனவே எழுதித் தருகிறார்கள். இறுதி வேட்பாளர் பட்டியல் வெளியாகும் அன்றே அந்தக் கணக்குகளின் பட்டியலை ஆணையம் நிறுவனங்களுக்கு அனுப்பலாம். அந்தக் கணக்குகளில் விதியை மீறும் பதிவை மட்டும் நீக்க வேண்டும். நேரடி வன்முறைத் தூண்டல் என்றால் மட்டுமே முழுக் கணக்கைப் பூட்டலாம், அதுவும் முடியும் நாளும் மணியும் எழுதி. மறுப்பு வந்தால், தானியங்கி மென்பொருள் அல்ல, தமிழ் தெரிந்த ஒருவர் பார்த்து 72 மணி நேரத்தில் காரணத்தோடு பதில் தர வேண்டும். நெறிமுறையில் ஒரு பத்தி கூடினால் போதும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் அரசு இடும் முடக்க உத்தரவுகளுக்கு இது பொருந்தாது. அங்கே அந்தப் பிரிவுக்கான 2009 விதிகளின் 16ஆவது விதி எல்லாவற்றையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. அதற்குத் தனிக் கடிதமே எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி