திடலில் மணலுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுவர் திடல்களில் மணலை அகற்றி ரப்பர் தரை அமைக்கும் பணி பற்றிய செய்தியைப் படித்தேன். விழுந்தால் அடி குறையும் என்பது சரிதான். ஆனால் ஏறி இறங்குவதைத் தவிர வேறெதற்கும் இடந்தராத பிளாஸ்டிக் சறுக்குமரத்தை வெட்டவெளியில் நிறுத்திவிட்டு அதையே நவீனம் என்பது, பராமரிப்பவரின் வசதியைப் பிள்ளைகளின் தேவையாகக் கொள்வதாகும். எங்கள் பகுதித் திடலில் மாலை ஐந்து மணிக்கும் சறுக்குமரம் தொடையைச் சுடுவதால், பிள்ளைகள் வேலிக்கு வெளியே வடிகால் பணிக்காகக் கொட்டிய எம்-சாண்ட் (செயற்கை மணல்) குவியலில்தான் சுரங்கம் தோண்டுகிறார்கள்.

பலகை, கயிறு, செங்கல் கொண்டு பிள்ளைகளே கட்டி விளையாடும் திடலை டென்மார்க்கின் எம்ட்ரூப்பில் 1943-லேயே திறந்தார்கள். நமக்கு அவ்வளவுகூட வேண்டாம். ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே, திடலின் ஒரு பகுதி வேம்பு, புங்கன் நிழலில் மணற்பரப்பாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தால் போதும்.