றூஜ் பள்ளத்தாக்கின் வெள்ளைப் பூ

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் யோகன்,

உமது கடிதமும் கனடாவின் ரொறொன்ரோப் பக்கம் உள்ள றூஜ் பள்ளத்தாக்கில் நீர் எடுத்த படங்களும் கிடைத்தன. மகள் புது வீட்டுக்குக் குடிபோன செய்தி எங்கள் எல்லோருக்கும் பெரும் மகிழ்ச்சி.

மரநிழலில் நின்ற அந்த வெள்ளைப் பூவைக் காட்டு ஸ்ட்ரோபெரி என்று எழுதியிருந்தீர். இரண்டும் ரோசாக் குடும்பமே, ஆனால் செடி வேறு. வட அமெரிக்காவின் காடுகளுக்கே உரிய, ஆங்கிலத்தில் வைட் அவென்ஸ் என்றும் தாவரவியலில் ஜீயம் கனடென்சே என்றும் வழங்கும் செடி அது என்பது என் முடிவு.

ரோசாக் குடும்பம் என்று துணிய உமது படத்திலேயே சான்று உண்டு. ஐந்து புல்லிகள், ஐந்து அல்லிகள், நடுவே மகரந்தம் தாங்கும் இழைகளான கேசரங்கள் ஏராளம். இவற்றோடு, இலைக்காம்பு தண்டைச் சேரும் இடத்தில் இருபுறமும் பச்சைச் செதில்கள். எங்கள் பல்கனித் தொட்டி ரோசாவிலும் அச்செதில்களைப் பார்த்துவிட்டே எழுதுகிறேன்: மெல்லிய விளிம்பாகக் காம்போடு ஒட்டிவந்து, நுனியில் மட்டும் பூனைக்காது போல் பிரிந்து நிற்கின்றன. தூரப் பார்வைக்கு ஒத்திருக்கும் அனிமோனிப் பூக்களில் இச்செதிலும் இல்லை, தனியான பச்சைப் புல்லிவட்டமும் இல்லை. நுவரெலியாப் பக்கம் முட்புதராக வளர்ந்து மஞ்சட் பழம் தரும் ரூபஸ் செடியும் இதே குடும்பந்தான். அதன் பூவும் வெள்ளையே.

ஸ்ட்ரோபெரி அல்ல என்று சொல்லவைத்தது தண்டு. ஸ்ட்ரோபெரியின் இலைகள் நிலத்தையொட்டி எழும், ஓடிகள் எனப்படும் கொடித்தண்டுகள் படரும். உமது செடியோ முழங்காலுக்கு மேல் நிமிர்ந்து, தண்டு நெடுகிலும் இலை தாங்குகிறது. கீழே மூன்றாகப் பிரிந்த இலை, உச்சியில் பிரிவில்லாத சிறிய இலை என ஒரே செடியில் வடிவம் மாறுவது ஜீயத்தின் இயல்பு என்பதால், இலையை மட்டும் வைத்து இதற்குப் பெயர் சொல்ல முற்படக் கூடாது.

மீதியிருப்பது ஓர் ஐயம். ஜீயம் லசினியேற்றம் என்னும் நெருங்கிய உறவுச் செடியும் அங்கே வெள்ளையாகப் பூக்கிறது. அதன் அல்லிகள் புல்லிகளை விடத் தெளிவாக நீளம் குறைந்தவை. பூக்காம்பில் நீண்ட மயிர்கள் விரிந்து நிற்கும். கனடென்சேயில் அல்லிகள் புல்லிகளின் நீளத்துக்குக் குறையா, காம்பின் மயிரும் குட்டையானது. உமது படத்தில் அல்லிகள் நீளமாகவே தெரிகின்றன; காம்புதான் மங்கிவிட்டது.

ஆகவே மறுமுறை போகும்போது பூவின் பின்புறத்தையும் காம்பையும் அருகிலிருந்து படமெடும். தேசிய நகரப் பூங்கா என்பதால் பறிக்க வேண்டாம். கோடை முதிர்ந்தபின் காயையும் பாரும். சூலகத்தின் மேல் நீளும் காம்பான ஒவ்வொரு தம்பத்தின் மேற்பகுதியும் ஒரு கணுவில் கழன்று விழ, எஞ்சிய அடிப்பகுதி கொக்கியாகி, காய்த்தலை முழுதும் உருண்டையாகச் சிலிர்த்து நிற்கும். விலங்கின் மயிரிலும் மனிதரின் காலுறையிலும் தொற்றியே அதன் விதை பரவுகிறது. அந்தக் கொக்கியையும் ஒரு படம் எடுத்து அனுப்பும்.

அன்புடன்,
நடராசா